ஒர்க்‌ஷாப் பில்லைப் பார்த்துக் காரை விற்காதீர்கள்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"வயதான கார் செலவுக்கு மேல் செலவு வைத்தால், செப்பனிட்டு ஓட்டுவதா, தள்ளிவிட்டு வேறு வாங்குவதா?" இதுதான் இன்றைய தலைப்பு. செப்பனிட்டு ஓட்டுவதே சரி என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் இரண்டு அடி பலமாகவே அடித்துவிட்டுப் போனார். "பத்து வயதுக் காருக்கு வந்த பில், அந்தக் காரின் விலையில் பாதி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்றார். "இன்றைக்கு இது, நாளைக்கு அது, இதற்கு முடிவே கிடையாது" என்றார். அரங்கமே கைதட்டியது. அந்தக் கைதட்டலில் இருக்கும் வலி எனக்குத் தெரியும், நடுவர் அவர்களே. மாதச் செலவை இழுத்துப் பிடித்துக் குடும்பம் நடத்துகிறவர் கையில் திடீரென்று ஒரு நீளமான எஸ்டிமேட்டைக் கொடுத்தால் தலை சுற்றத்தான் செய்யும். அந்தத் தலைசுற்றலில் முடிவெடுக்காதீர்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சுண்டைக்காய்க் கணக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம். பில்லைக் காரின் சந்தை விலையோடு ஒப்பிடுகிறார்கள். சந்தை விலை என்பது விற்றால் கைக்கு வரும் தொகை. நாளைக் காலை அந்தக் காரில்தான் வேலைக்குப் போகப் போகிறீர்கள் என்றால் அந்தத் தொகைக்கு அங்கே என்ன வேலை? அதே பயணத்தை வேறு வழியில் போனால் என்ன ஆகும் என்பதோடுதான் பில்லை ஒப்பிட வேண்டும். புதுக் கார் என்றால் முன்பணம், மாதத் தவணை, வட்டி, கூடுதல் காப்பீடு, இவையெல்லாம் உண்டு. இவற்றோடு தேய்மானமும் உண்டு. காரின் மதிப்பு மிக வேகமாகச் சரிவது முதல் சில ஆண்டுகளில்தான். பத்து வயதுக் கார் இழக்க வேண்டியதில் பெரும்பகுதியை எப்போதோ இழந்துவிட்டது. ஒர்க்‌ஷாப் பில் ஒரே நாளில் ஒரே தாளில் வருகிறது, அதனால் வலிக்கிறது. தேய்மானத்துக்கு யாரும் பில் எழுதித் தருவதில்லை, அதனால் வலிப்பதில்லை. ஆனால் பணம் போவது என்னவோ அங்கேயும்தான்.

எதிரணித் தலைவர் வீட்டுக்குப் போய் ஒரு வேலை செய்து பார்க்கட்டும். கடந்த இரண்டு ஆண்டுகளின் ரிப்பேர் பில்களை எல்லாம் கூட்டி 24-ஆல் வகுக்கட்டும். வருகிற எண்ணை ஒரு புதுக் காரின் மாதத் தவணைக்குப் பக்கத்தில் எழுதட்டும். மிக மோசமாக அடிபட்ட காரைத் தவிர மற்றதில் எந்த எண் சிறியது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்து, "முடிவே கிடையாது" என்ற பேச்சு. தேய்கிற பாகங்கள் எண்ணிக்கையில் அடங்குபவை. இந்த ஆண்டு மாற்றிய கிளட்ச் அடுத்த ஆண்டு மறுபடி கேட்காது. முடிவில்லாதது போலத் தோன்றுவதற்குக் காரணம், பல பாகங்களின் ஆயுள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முடிவதுதான். ஒரு லட்சம் கிலோமீட்டரை ஒட்டி, இன்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் ரப்பர் பட்டையான டைமிங் பெல்ட், ஷாக் அப்சார்பர், சஸ்பென்ஷன் புஷ், சில கார்களில் கிளட்ச் என்று வரிசை கட்டி வரும். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றுக்கும் பணம் கட்டி முடித்துவிட்டு, அந்தக் கோபத்திலேயே காரை விற்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். செலவு செய்தவர் ஒருவர். புது பெல்ட்டோடும் புது கிளட்ச்சோடும் நிம்மதியாக ஓட்டப் போகிறவர் இன்னொருவர்.

சரி, அந்தப் பெரிய பில் உண்மையில் எங்கிருந்து பிறக்கிறது? ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். இன்ஜினில் தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன வால்வு. உள்ளே மெழுகு. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் 80, 90 டிகிரி வாக்கில் சூடானதும் மெழுகு உருகி விரிந்து வழியைத் திறக்கும், கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும். வயதானால் இது சிக்கிக்கொள்ளும். அல்லது ரேடியேட்டர் ஹோஸில் விரிசல் விட்டுச் சொட்டுச் சொட்டாகக் கூலன்ட் குறையும். இரண்டுமே மலிவான சாமான்கள். டேஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பை நோக்கி ஏறுகிறது. "வீடு இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டுகிறார்கள். அந்தக் கொஞ்ச தூரத்தில் இன்ஜினின் மேல்மூடியான அலுமினிய சிலிண்டர் ஹெட் சூட்டில் நெளிந்துவிடுகிறது, அதன் அடியில் கசிவை அடைக்கும் ஹெட் கேஸ்கட் போய்விடுகிறது. கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கி சைலன்சரில் வெள்ளைப் புகை. ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் பழுப்பும் வெள்ளையுமாகக் குழைந்த கசடு. இனி ஹெட்டை இறக்க வேண்டும், மெஷின் ஷாப்புக்கு அனுப்பிச் சமன்படுத்த வேண்டும், பல இன்ஜின்களில் ஹெட் போல்ட்டுகளையே புதிதாகப் போட வேண்டும். பில் நீள்கிறது. இந்த பில்லை எழுதியது காரின் வயதா, சிவப்பு முள்ளைப் பார்த்த பிறகும் நிறுத்தாத காலா, நடுவர் அவர்களே?

டைமிங் பெல்ட்டும் அப்படித்தான். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதும் அமைப்பு. கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டரில் மாற்றினால் ஒரு பெல்ட்டின் செலவு, விட்டால் இன்ஜினின் செலவு. தயவுசெய்து கையேட்டில் ஆண்டுக் கணக்கையும் பாருங்கள். ஓடாமல் நின்றாலும் ரப்பர் வயதாகும். பிரேக் ஆயிலும் நிற்கும்போதே கெடும் பொருள். காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும். டாட் 4 தரத்துப் புது ஆயில் குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே விதி கேட்பது 155 டிகிரி மட்டுமே. நீண்ட இறக்கத்தில் பிரேக் மிதித்து மிதித்துச் சூடேறினால் ஆயில் கொதித்து ஆவியாகும், மிதி தரையைத் தொடும். பல நிறுவனங்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை "ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்று கார் நிறுவனங்கள் எழுதுவதை நம்பியே பல பெட்டிகள் வீணாகின்றன. அத்தகைய பெட்டிகளைச் செய்கிற இசட்எஃப் நிறுவனமே குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றத்தான் சொல்கிறது.

"பராமரித்தாலும் பில் வருகிறதே" என்பீர்கள். வருகிறது, மறுக்கவில்லை. அங்கேதான் இரண்டாவது பெரிய ஓட்டை இருக்கிறது. கோளாறைக் கண்டுபிடிக்காமலே சாமானை மாற்றுவது. என் காரிலேயே நடந்தது. செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரை மாட்டியதும் பி0420 என்று குறியீடு வந்தது. புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று அதற்கு அர்த்தம். போன ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை, கன்வெர்ட்டரை மாற்ற எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய சாமான் அது, விலை எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். இன்னொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லி, எக்ஸாஸ்ட் குழாய் நெடுகக் காதை வைத்துக் கேட்டார். புகையில் ஆக்சிஜனை அளக்கும் சென்சாருக்கு அருகே ஓர் இணைப்பில் "டிக் டிக்" என்று மெல்லிய சத்தம். கேஸ்கட் கசிவு. அந்த வழியாகக் காற்று உள்ளே போய்ச் சென்சாரின் கணக்கைக் குழப்பிக்கொண்டிருந்தது. கேஸ்கட் மாற்றியதும் விளக்கு அணைந்தது, அப்புறம் எரியவில்லை. குறியீடு எந்தத் தெருவில் தேட வேண்டும் என்று காட்டும். எந்த வீடு என்று நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும்.

முன் சக்கரத்தில் "கடக் கடக்" சத்தம் வந்தால் முழு சஸ்பென்ஷனையும் மாற்றச் சொல்வார்கள். நல்ல மெக்கானிக் என்ன செய்வார் தெரியுமா? வண்டியைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங்கையோ பால் ஜாயின்ட்டையோ சந்தேகிப்பார். அடுத்து இடமும் வலமும் பிடித்து ஆட்டுவார். அங்கே மட்டும் ஆட்டம் என்றால் டை ராட் எண்ட் பக்கம் போவார். பிறகு கடப்பாரையை லோயர் ஆர்மில் கொடுத்து நெம்பி, புஷ் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பார். சில நிமிட வேலை இது. பல நேரம் முடிவில் மாற்றுவது ஒரு சின்ன ஸ்டெபிலைசர் லிங்க். இப்படி ஒரு மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து, அவர் சோதிக்கும் நேரத்துக்கு முகம் சுளிக்காமல் கூலி கொடுங்கள். சோதனைக்குக் கொடுக்கும் கூலியைப் போல லாபமான செலவு பழைய காரில் வேறு கிடையாது.

நீளமான எஸ்டிமேட் வந்தாலும் மொத்தத் தொகையைப் பார்த்து மிரள வேண்டாம். பிரேக், ஸ்டியரிங், டயர், இவற்றில் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. கூலன்ட் கசிவு, ஆயில் கசிவு, டைமிங் பெல்ட், விட்டால் இன்ஜினையே தின்னும், அவை அடுத்து. ஏசி, பவர் விண்டோ, பெயின்ட் எல்லாம் கையில் பணம் வரும் வரை காத்திருக்கும். ஒரே இடத்தைக் கழற்றும் வேலைகளை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். டைமிங் பெல்ட்டால் சுற்றும் வாட்டர் பம்ப் என்றால் பெல்ட்டோடு பம்ப்பையும், கிளட்ச் பிளேட்டோடு பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் மாற்றுங்கள். கியர்பாக்ஸை இரண்டு தடவை இறக்கக் கூலி கொடுப்பது வீண். ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை என்றால் பல நேரம் கார்பன் பிரஷ்ஷோ ரெகுலேட்டரோதான் போயிருக்கும். முழுசாக வாங்கும் முன் அதைக் கேளுங்கள்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் பாதுகாப்பைப் பற்றி உருக்கமாகப் பேசினார். அதை நான் லேசாகத் தள்ள மாட்டேன். பாரம் தாங்கும் சட்டத்தைத் துரு தின்றுவிட்டதா? விபத்தில் அடிவாங்கி அதன் வடிவமே கோணிவிட்டதா? அந்தக் காரை நானும் கைவிடுவேன். ஏர்பேக்கோ ஏபிஎஸ்ஸோ இல்லாத மிகப் பழைய காரில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போங்கள் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் வயதான கார் என்றாலே இவை இல்லாத கார் என்பது பழைய நினைப்பு. கார் வழுக்காமல் பிடிக்கும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு அமெரிக்காவில் 2012 மாடல் முதலும், ஐரோப்பாவில் 2014 இறுதி முதலும் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம். அந்தக் கார்கள்தான் இன்று பத்து வயதைத் தாண்டி நிற்கின்றன.

புகையைப் பற்றியும் சொன்னார்கள். புகை விடும் காரைச் சரி செய்வதும் செப்பனிடுவதில் சேர்த்திதான். ஒரு புதுக் காரைச் செய்து முடிக்கும்போதே, அது ஒரு கிலோமீட்டர்கூட ஓடும் முன்பே, பல டன் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும்.

நடுவர் அவர்களே, அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்றொரு ஆசிரியர் இருந்தார். 1966-இல் வால்வோ பி1800 கார் ஒன்று வாங்கினார். 2013-இல் அதே கார் 30 லட்சம் மைலைத் தொட்டது, ஏறத்தாழ 48 லட்சம் கிலோமீட்டர். கின்னஸ் சாதனை. சாமான்களை மாற்றாமலா ஓட்டினார்? இல்லை. கையேட்டில் சொன்ன சர்வீஸை விடாமல் செய்தார், தேய்ந்ததை மாற்றினார், ஓட்டினார். நாம் யாரும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அதில் பத்தில் ஒரு பங்கு கூட நம்மில் பெரும்பாலோருக்குத் தேவைப்படாது.

எனக்குப் பின்னால் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரு கேள்வியை வைத்துவிட்டு அமர்கிறேன். பழைய காரைத் தள்ளிவிட்டு, கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்றபடி இன்னொரு பழைய காரைத்தானே பெரும்பாலோர் வாங்குகிறார்கள்? என் காரின் பெல்ட்டை எப்போது மாற்றினேன், எந்தச் சூட்டில் எத்தனை தூரம் ஓடியது, எங்கே இடித்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நீங்கள் வாங்கப் போகும் காரின் முள் எத்தனை முறை சிவப்பில் நின்றது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அதற்கு அவர் சொல்லும் பதிலைக் கேட்ட பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.