ஆர்டி 350 விலைக்கு வருது, ஆயில் பம்பு எங்கப்பா?

வணக்கம் மக்களே. இன்னைக்குக் கொஞ்சம் சூடா இருக்கேன், முன்னாடியே சொல்லிடறேன். ஆர்டி 350, அதாங்க நம்ம பழைய ராஜ்தூத் 350 பைக், ஒண்ணு விலைக்கு வருதுன்னு ஈரோடு வரைக்கும் போயிட்டு வந்தேன். வண்டிக்காரர் நாலரை லட்சம் சொல்றாரு. சொல்லட்டும், இன்னைக்கு நல்ல ஆர்டின்னா அப்படித்தான் கேக்கறாங்க. ஆனா உங்களுக்குத்தான் என் பழக்கம் தெரியுமே, எல்லாரும் டேங்க் பளபளப்பைப் பார்ப்பாங்க, நான் குனிஞ்சு வலது பக்க எஞ்சின் கவரைப் பார்ப்பேன். எஞ்சினுக்கு ஆயிலைத் தானா அனுப்பற பம்பு அங்கதான் இருக்கணும்.

பம்பு இல்ல! ஒரு தகடு வெட்டி அடைச்சு வச்சிருக்காங்க. "அதெல்லாம் தொல்லைங்க, பெட்ரோல்லயே ஆயில் கலந்து ஊத்திக்கிறோம்"னு பெருமையா வேற சொல்றாரு. அண்ணே, அந்த ஆட்டோலூப் பம்பு எஞ்சின் சுத்தற வேகத்தையும் ஆக்சிலேட்டர் எவ்வளவு திருகியிருக்கோம்ங்கறதையும் பார்த்து ஆயிலைக் கூட்டிக் குறைச்சுத் தரும். கலந்து ஊத்தினா எப்பவும் ஒரே அளவுதான். மலை இறக்கத்துல ஆக்சிலேட்டரை மூடிட்டு கியர்ல வர்றீங்கன்னு வைங்க, பெட்ரோலே சரியா போகாது. அதுகூட வர்ற ஆயில் மட்டும் எங்கிருந்து போகும்? பிஸ்டன் காய்ஞ்சு பிடிக்கும். நான் கொல்லிமலை போறவன்யா!

சரி, ஸ்டார்ட் பண்ணுங்கன்னேன். கிக் அடிச்சதும் வலது சைலன்சர்ல மட்டும் வெள்ளையா புகை, நிக்கவே இல்ல. வலது பக்க கிராங்க் சீல், அதாவது கியர் ஆயில் உள்ள கசியாம அடைக்கற வளையம், போயிருந்தா கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சி எரிக்கும், அந்தப் புகைதான் இது. சீல் என்னவோ சின்ன சாமான். ஆனா மாத்தணும்னா எஞ்சினைப் பிரிச்சுப் போடணும்.

ஐயோ, இழுவை அதிகமான ஹை டார்க் (எச்.டி.) மாடலா, குறைஞ்ச லோ டார்க் (எல்.டி.) மாடலான்னு சொல்லவே இல்லையே! எல்.டி. தான். புதுசா சேர்ந்தவங்களுக்கு: 1983-ல ஃபரீதாபாத்ல எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவோட சேர்ந்து ராஜ்தூத் 350-ன்னு இதை விட்டாங்க. 347 சிசி, ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். ஜப்பான் வண்டியில 39 குதிரை, நம்ம எச்.டி.யில 30.5. மைலேஜ் போதலைன்னு அப்புறம் எல்.டி. வந்து 27-க்கு இறங்குச்சு. அப்பவும் விக்கல, எண்பதுகள் முடியறப்போ இந்த வண்டியைத் தயாரிக்கறதையே நிறுத்திட்டாங்க. ஜப்பான்ல முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் குடுத்தவங்க இங்க டிரம் குடுத்தாங்க பாருங்க, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறல.

பேப்பர்? ஆர்.சி. காலாவதி. இருபது வருஷம் தாண்டின பைக்குக்குப் புதுப்பிக்கற கட்டணமே 2025-லேருந்து 2,000 ரூபாய், எஃப்.சி. அலைச்சல் தனி. விண்டேஜ் வண்டின்னு பதிவு போட்டுக்கலாமேன்னு ஒரு தம்பி கேட்டிருந்தாரு. அதுக்கு வண்டிக்கு ஐம்பது வயசு ஆகணும்ப்பா. முதல் வருஷத்து ராஜ்தூத்துக்கே 2033 வரைக்கும் காத்திருக்கணும்.

அப்போ இன்னைக்கு வேற என்ன வாங்கறது? தயவுசெஞ்சு "ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 எடுங்க ப்ரோ"ன்னு கமெண்ட் போடாதீங்க. பேர்ல 350 இருந்தா போதுமா? ஒத்தை சிலிண்டர், டுக்கு டுக்குன்னு வேற ஜாதி வண்டி. டிரையம்ஃப் ஸ்பீடு 400 அருமையா போகும், எனக்கும் பிடிக்கும், ஆனா அதுவும் ஒத்தைதான். எனக்கு ரெண்டு சிலிண்டர் வேணும்.

ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-ல அது இருக்கு, 47 குதிரை, சத்தமும் சொக்க வைக்கும். எடை 200 கிலோவுக்கு மேல. ஆர்டி ஓட்டின கைக்கு அது எருமையை மேய்க்கற மாதிரி, மன்னிச்சுக்கோங்க.

என் ஓட்டு யமஹா எம்டி-03-க்குத்தான். 321 சிசி, ரெண்டு சிலிண்டர், 42 குதிரை, 167 கிலோ. ஆர்டியோட உடம்புவாகு கிட்டத்தட்ட வந்துடுச்சு. 2023 டிசம்பர்ல வந்தப்போ நாலரை லட்சத்துக்கு மேல, நான் சிரிச்சேன், அந்த வீடியோ இன்னும் இருக்கு. 2025-ல ஒரு லட்சத்துப் பத்தாயிரம் குறைச்சதும் சிரிப்பு நின்னுடுச்சு. அதே வருஷம் செப்டம்பர்ல ஜிஎஸ்டி வேற மாறி 350 சிசி வரைக்கும் 18 சதவீதம், தாண்டினா 40 சதவீதம். இன்டர்செப்டர் அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு, எம்டி இந்தப் பக்கம் தப்பிச்சுது. புகை வாசனையும், எஞ்சின் முழு பலம் காட்டற வேகத்துக்கு, அதான் பவர் பேண்டுக்கு, வந்ததும் எகிறுமே அந்த எகிறலும் இதுல கிடையாது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா பிரேக் பிடிச்சா சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கற ஏபிஎஸ் இருக்கு, நிக்கும்!

நம்ம சப்ஸ்கிரைபர் ஒருத்தர் அவரோட எம்டி-யை ஓட்டத் தர்றேன்னு சொல்லியிருக்காரு. அடுத்த வீடியோ அதுதான், கொல்லிமலை ஏத்தம். இன்டர்செப்டர்காரங்க திட்டறதா இருந்தா இப்பவே கமெண்ட்ல திட்டிக்கோங்க.