கோப்பையே இல்லாமல் ஒரு ஃபைனல்! கனடியன் ஃபுட்பாலை உருவாக்கியவர்கள்

வணக்கம் மக்களே! 1909 டிசம்பர் 4, டொரன்டோவின் ரோஸ்டேல் மைதானம். ஆட்டம் கனடியன் ஃபுட்பால்; நம்ம கால்பந்து இல்லை, அமெரிக்கன் ஃபுட்பால் மாதிரி பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது. டொரன்டோ பல்கலைக்கழக அணி 26-6 என்று ஃபைனலை ஜெயித்துவிட்டது. சரி, கோப்பை எங்கே? செய்யச் சொல்லி ஆர்டர் கொடுக்கவே மறந்துவிட்டார்களாம்!

அதுதான் கிரே கோப்பை, கனடியன் ஃபுட்பாலின் சாம்பியன் கோப்பை. கொடுத்தவர் கனடாவின் அப்போதைய கவர்னர் ஜெனரல் கிரே பிரபு. மனுஷன் ஆசைப்பட்டது ஐஸ் ஹாக்கிக்குக் கொடுக்க. மான்டேகு ஆலன் என்ற மான்ட்ரியல் கோடீஸ்வரர் முந்திக்கொண்டு அங்கே ஒரு கோப்பையைக் கொடுத்துவிட, போனால் போகிறதென்று இவர் ஃபுட்பால் பக்கம் வந்தார். விலை 48 டாலர். வந்து சேர்ந்தது 1910 மார்ச்சில். கல்யாணம் முடிந்து மூன்று மாதம் கழித்துத் தாலி வந்த கதை! அப்புறம் 1947-இல் அது இருந்த படகு கிளப் தீப்பிடித்து மற்ற பரிசுகள் பல நாசமாக, இது மட்டும் ஒரு ஆணியில் தொங்கித் தப்பித்தது. 1969-இல் திருடுபோய் அதற்கும் தப்பி வந்தது. கெட்டி ஆயுசு.

ஆனால் என்னைக் கேட்டால், கிரேக்குக் கிடைத்த பேர் த்ரிஃப்ட் பர்ன்சைடுக்குப் போயிருக்க வேண்டும். டொரன்டோ பல்கலைக்கழக கேப்டன். அதுவரை ரக்பி மாதிரி அணிக்கு 15 பேர் முட்டிமோதிக்கொண்டு இருந்தார்கள். 1903-இல் ஒன்டாரியோவில் அவர் பெயரில் வந்த விதிகள் அதை 12 ஆக்கின. மூன்று முயற்சியில் பத்து கெஜம் முன்னேறு, முடியாவிட்டால் பந்தைக் கொடு. அமெரிக்காவும் கொஞ்ச காலம் மூன்றில்தான் ஆடியது, 1912-இல் நான்காக்கிவிட்டது. கனடா மாறவே இல்லை! ஒரு தடவை சொதப்பினாலே அடுத்து பந்தை உதைத்து அனுப்ப வேண்டியதுதான் என்கிற அந்தப் பதற்றம் இருக்கிறதே, அதற்காகவே நான் இந்த ஆட்டத்தின் கட்சி.

கடைசியாக லூ ஹேமன். அமெரிக்காவிலிருந்து வந்த யூதர், கோச்சாக ஐந்து கிரே கோப்பை. 1946-இல் மான்ட்ரியல் அலுவெட்ஸ் அணியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த வருஷமே ஹெர்ப் ட்ராவிக் என்ற கறுப்பின வீரரைச் சேர்த்தார்; பின்னால் அமெரிக்க பேஸ்பாலின் நிறத்தடையை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் அதே ஊரில் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்த சமயம் அது. ட்ராவிக் நின்று ஆடியது 12 சீசன். 1949 ஃபைனலில் எதிரணி நழுவவிட்ட பந்தை அள்ளிக்கொண்டு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடி டச்டவுன் போட்டார், கோப்பையும் மான்ட்ரியலுக்கு வந்தது.

மூன்று முயற்சியா, நாலா? உங்கள் ஓட்டு எதற்கு, கமெண்டில் சண்டையை ஆரம்பியுங்கள்.