ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமா?

நேயர்களுக்கு வணக்கம். பதின்ம வயதுப் பிள்ளைகளின் நடத்தைக் கோளாறு பற்றியும், அந்தப் பிள்ளைகளின் மூளையைப் படம் பிடித்துப் பார்க்கிற ஆராய்ச்சிகள் பற்றியும் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வருகிற பெற்றோர் பலர் கேட்கும் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். "டாக்டர், இவன் மூளையை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமா?" வலிப்பு வருகிறது, தலையில் அடிபட்டிருக்கிறது என்றால் எடுக்கலாம், அது வேறு விஷயம். நடத்தைக் கோளாறைக் கண்டுபிடிக்க ஸ்கேன் கிடையாது. அப்படியானால் இருபது வருஷமாக இந்தப் பிள்ளைகளை எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் படுக்க வைத்து என்னதான் பார்க்கிறார்கள்?

அதற்கு முன்னால், எதை நடத்தைக் கோளாறு என்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். எதிர்த்துப் பேசுவது, கதவை அறைந்து சாத்துவது, எப்போதாவது பள்ளிக்கு மட்டம் போடுவது எல்லாம் இதில் சேராது. அடிதடி, ஆயுதம் எடுப்பது, மிருகங்களை வதைப்பது, தீ வைப்பது, திருட்டு, வீட்டை விட்டு ஓடுவது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 15 அறிகுறிகளைப் பட்டியல் போடுகிறது. கடந்த 12 மாதங்களில் அதில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். எந்த மூன்று என்று கையேடு கேட்பதில்லை. ஆகவே கத்தியைக் காட்டி மிரட்டுகிறவனும், யாரையும் தொடாமல் பொய், திருட்டு, ஊர்சுற்றல் என்று இருக்கிறவனும் ஒரே பெயரின் கீழ் வந்துவிடுகிறார்கள். ஆராய்ச்சியில் இருக்கும் குழப்பத்தில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

2008 நவம்பரில் சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. பிறர் வலியைப் பார்த்து முரட்டுப் பிள்ளைகள் ரசிக்கக்கூடும் என்று பத்திரிகைகள் எழுதின. ஜான் டெசெட்டியும் பெஞ்சமின் லேஹியும் சக ஆய்வாளர்களோடு செய்த ஆய்வு அது. 16 முதல் 18 வயது வரை உள்ள, அடிதடியில் இறங்கும் வகையைச் சேர்ந்த பையன்கள் எட்டுப் பேர், அந்தப் பிரச்சினை இல்லாதவர்கள் எட்டுப் பேர். இயந்திரத்துக்குள் படுத்திருக்கும்போது அவர்களுக்குச் சின்னச் சின்ன வீடியோத் துண்டுகளைக் காட்டினார்கள். ஒன்றில் கனமான பாத்திரம் கை தவறி ஒருவர் கைமேல் விழுகிறது. இன்னொன்றில் ஒருவர் வேண்டுமென்றே அடுத்தவர் காலை மிதிக்கிறார். பிறர் வலியைப் பார்க்கும்போது வேலை செய்யும் பகுதிகள் இரண்டு குழுவிலும் வேலை செய்தன. கோளாறு உள்ளவர்களிடம் அது இன்னும் அதிகம். கூடவே, பயம் போன்ற உணர்ச்சிகளில் வேலை செய்யும் அமிக்டலா என்ற பகுதியும், பரிசு கிடைத்தால் கிளர்ச்சியடையும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியும் பலமாக வேலை செய்தன. வேண்டுமென்றே செய்த தீங்கைப் பார்த்தபோது மற்றப் பையன்களிடம் தெரிந்த முன்மூளைச் செயல்பாடு இவர்களிடம் தெரியவில்லை.

இதை வைத்து ‘ரசிக்கிறார்கள்’ என்று சொல்லிவிடலாமா? எனக்கு ஒப்பவில்லை. அமிக்டலா பயந்தாலும் வேலை செய்யும், பதறினாலும் செய்யும், உற்சாகமானாலும் செய்யும். அது வேலை செய்தது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே இருந்த உணர்ச்சி இன்னதுதான் என்று பின்னோக்கிப் போய்ச் சொல்ல முடியாது. அடி உதைக்கு நடுவிலேயே வளர்ந்த பையனுக்கு அந்த மிதி பதற்றத்தையும் கிளப்பியிருக்கலாம். அப்புறம், மொத்தம் 16 பேர். அடுத்த கேள்வி கேட்க அது போதும், ஊர் உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தீர்ப்பு எழுதப் போதாது.

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையில் பார்க்கும் அந்தச் சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் மூளையில் இருக்கும் நிறமல்ல. ஒரு பகுதி வேலை செய்யும்போது ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் அங்கே கொஞ்சம் அதிகமாகப் பாய்கிறது. இயந்திரம் பதிவு செய்வது அந்தச் சின்ன மாற்றத்தை. பிறகு ஆயிரக்கணக்கான புள்ளிகளில் கணக்குப் போட்டு, எங்கே வித்தியாசம் இருக்கிறதோ அங்கே நிறம் பூசுகிறார்கள். கணக்கில் அசட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2009இல் அமெரிக்காவில் கிரெய்க் பென்னட் என்பவரும் சகாக்களும் செத்த சால்மன் மீன் ஒன்றை இயந்திரத்துக்குள் வைத்துக் காட்டினார்கள். தேவையான திருத்தத்தைச் செய்யாமல் கணக்குப் போட்டபோது அந்த மீனின் மூளையிலும் ‘செயல்பாடு’ தெரிந்தது.

சிகாகோவில் அமிக்டலா கூடுதலாக வேலை செய்தது என்றார்கள். ஆனால் 2009இல் லண்டனில் எஸ்ஸி வைடிங் குழுவினர் பயந்த முகங்களின் படங்களைக் காட்டியபோது, ஒரு பகுதிப் பையன்களிடம் அது குறைவாக வேலை செய்தது. குற்ற உணர்ச்சி இல்லாத, அடுத்தவர் கண்ணீருக்கு அசையாத பையன்கள் அவர்கள். அதே குழு 2012இல், பயந்த முகத்தைப் பார்த்தோம் என்று பிள்ளைக்கே தெரியாத வேகத்தில் காட்டி மறைத்துப் பார்த்தது. நடத்தைப் பிரச்சினை உள்ளவர்களிலேயே, அசையாத குணம் கொண்டவர்களின் அமிக்டலாவை விட, அந்தக் குணம் இல்லாதவர்களின் அமிக்டலா அதிகமாகத் துள்ளியது. வெளியே இருவரும் செய்வது ஒன்றுதான், வகுப்பில் அடுத்தவன் மூக்கை உடைக்கிறார்கள். ஒருவன் எல்லாவற்றையும் மிரட்டலாகப் பார்த்துப் பொங்குகிறான், இன்னொருவனுக்கு எதிரில் நிற்பவனின் பயம் போய்ச் சேரவே இல்லை. இத்தனை வருஷ ஸ்கேன் ஆராய்ச்சி தந்ததில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இதுதான். 2013இல் வந்த கையேட்டின் ஐந்தாம் பதிப்பும் இந்த இரண்டாம் வகையைத் தனியாகக் குறிக்க இடம் கொடுத்தது.

பயம் ஏன் போய்ச் சேரவில்லை? இரண்டு பக்க அமிக்டலாவும் அழிந்துபோன ஒரு பெண்ணை ரால்ஃப் அடால்ஃப்ஸ் ஆராய்ந்து 2005இல் எழுதினார். பயந்த முகத்தை அந்தப் பெண்ணால் அடையாளம் காண முடியாது. காரணம், அவர் முகத்தில் கண்களையே பார்ப்பதில்லை. "கண்ணைப் பாருங்கள்" என்று சொன்னதும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. அதே மாதிரி அசையாத குணம் உள்ள பையன்களிடம் ஆஸ்திரேலியாவில் மார்க் டாட்ஸ் செய்து பார்த்தார், 2006இல் ஆய்வு வெளிவந்தது. கண்ணைப் பார்க்கச் சொன்னபோது அவர்களும் பயத்தைச் சரியாகச் சொன்னார்கள். சொல்வதை நிறுத்திவிட்டால் பழையபடி ஆகிவிடும் என்பதும் உண்மைதான். ஆனாலும் ‘இவனுக்கு ஈரமே கிடையாது’ என்று ஒதுக்கி வைத்த பிள்ளையைப் பற்றிய செய்தி இது, எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

மூளையின் அளவைப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. 2024இல் வந்த எனிக்மா கூட்டாய்வு, பல நாடுகளைச் சேர்ந்த 15 ஆய்வுகளைச் சேர்த்து, 7 முதல் 21 வயது வரை கோளாறு உள்ள 1,185 பேரையும் இல்லாத 1,253 பேரையும் ஒப்பிட்டது. மூளைப் புறணியின், அதாவது மூளையின் மேலடுக்கின், 34 பகுதிகளில் 26இல் பரப்பளவு குறைவு, அமிக்டலாவும் கொஞ்சம் சிறிது. ஆனால் இது சராசரி. ஆண்களின் சராசரி உயரம் பெண்களை விட அதிகம்தான், அதற்காக ஐந்தரை அடி என்று மட்டும் சொன்னால் ஆணா பெண்ணா என்று உங்களால் சொல்ல முடியாது. இங்கே இருக்கும் வித்தியாசமோ அந்த உயர வித்தியாசத்தை விட மிக மிகச் சிறியது. ஒரு பிள்ளையின் படத்தை மேஜைமேல் வைத்து ‘இவன் இப்படித்தான்’ என்று சொல்கிற ஆள் இந்த அறிவியலைப் பேசவில்லை.

நியூசிலாந்தின் டனீடின் ஊரில் 1972–73இல் பிறந்தவர்களை இன்றுவரை பின்தொடர்கிறார்கள். அவர்களில் 672 பேருக்கு 45 வயதில் ஸ்கேன் எடுத்த முடிவு 2020இல் வந்தது. சின்ன வயதில் தொடங்கி வளர்ந்து பெரியவர்களான பிறகும் விடாமல் தவறான வழியில் போனவர்கள் 80 பேர். அவர்கள் மூளைப் புறணியின் பரப்பும் தடிமனும் சராசரியில் குறைவு. பதின்ம வயதில் மட்டும் வழிமாறிப் பிறகு திருந்தியவர்கள் 151 பேர், அவர்களிடம் அந்தப் பரவலான குறைவு இல்லை. அந்த 80 பேருக்கு அது பிறவியிலேயே இருந்ததா, இல்லை குடியும் புகையும் வறுமையும் கொண்டுவந்ததா என்பதை 45 வயதில் எடுத்த ஒரே படம் சொல்லாது.

சரி, வீட்டில் என்ன செய்வது? நடப்பதைப் பாருங்கள். அம்மா போனைக் கீழே வை என்கிறார், பையன் கத்துகிறான், அம்மா சத்தம் போடுகிறார், பையன் தட்டைத் தூக்கி எறிகிறான், அம்மா ஓய்ந்துபோய் விட்டுவிடுகிறார். எறிந்தால் காரியம் நடக்கும் என்று பையன் கற்றுக்கொண்டான். விட்டுவிட்டால் சத்தம் நிற்கும் என்று அம்மாவும் கற்றுக்கொண்டார். அமெரிக்காவின் ஆரிகனில் ஜெரால்ட் பேட்டர்சன் பல ஆண்டுகள் வீடுகளில் கவனித்து எழுதிய சுழல் இது. இதை உடைக்கத்தான் பெற்றோர் பயிற்சி. அம்மா அப்பா மேல் பழி போடுவதற்காக அல்ல, தினமும் கூடவே இருப்பவர்கள் அவர்கள்தான் என்பதால். டேவிட் ஹாஸ் என்பவரும் முன்பு சொன்ன மார்க் டாட்ஸும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், அசையாத குணம் உள்ள சிறுவர்களிடம் தண்டனையாகத் தனியே உட்கார வைக்கும் முறை சரியாக எடுபடவில்லை. நல்லதைச் செய்த உடனே பாராட்டுவதும் பரிசு தருவதும் மற்றப் பிள்ளைகளிடம் போலவே எடுபட்டது. அடித்துத் திருத்தலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இந்தப் பிள்ளைகளைப் பார்ப்பார்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்கள். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். பிள்ளை சம்மதிக்காவிட்டாலும் பரவாயில்லை, முதல் தடவை நீங்கள் மட்டும் பேசுங்கள். நன்றி, வணக்கம்.