கடற்பாசி சீரம் போட்டா சன்ஸ்கிரீன் வேண்டாமா?

வணக்கம் மக்களே. இந்தக் கேள்வி கமென்ட்ல வந்துட்டே இருக்கு. சன்ஸ்கிரீன் கண்டிப்பா வேணும்.

இந்த சீரத்துல போடுறது போர்ஃபைரா அம்பிலிகாலிஸ்னு ஒரு சிவப்புப் பாசியோட சத்து. அது வட அட்லாண்டிக் கரையோரப் பாறைல வளருது. கடல் உள்வாங்கினா மணிக்கணக்கா வெயில்லயே கிடக்கும். அதைத் தாங்க மைக்கோஸ்போரின் வகை அமினோ அமிலங்களை உள்ள சேர்த்து வெச்சுக்குது. முக்கியமானது ரெண்டு: போர்ஃபைரா-334, ஷினோரின். இது ரெண்டும் 334 நானோமீட்டர் அலைநீளம் பக்கத்துல வர்ற யுவிஏ கதிரை (வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர்ல ஒரு வகை) வாங்கி, வெப்பமா வெளிய விட்டுடும். தோலை உறுதியா வெச்சிருக்கிற கொலாஜன் புரதத்தை அரிக்கிற நொதியைக் கிளப்பிவிட்டு சுருக்கம் வரவைக்கிறதுல யுவிஏவுக்குப் பெரிய பங்கு. ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும் அது!

ஆனா யுவிஏ 400 நானோமீட்டர் வரைக்கும் நீளுது. 360 தாண்டினா இந்தப் பாசிச் சத்தால பெருசா ஒண்ணும் முடியாது. ஐரோப்பிய யூனியன் அனுமதிச்ச ஃபில்டர் (புற ஊதாக் கதிரைத் தடுக்கிற பொருள்) பட்டியல்லயும் இது இல்ல. டியூப்ல போட்டிருக்கிற எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு அளவு எண்), ஜிங்க் ஆக்ஸைடு மாதிரி வேற ஃபில்டர் தர்றது. லேபிள்ல பினாக்ஸிஎத்தனாலுக்கு (1 சதவீதத்துக்கு மேல போடக்கூடாத ப்ரிசர்வேட்டிவ், அதாவது கெட்டுப்போகாம வைக்கிற பொருள்) பின்னாடி பாசி பேர் வந்தா, அளவு 1 சதவீதத்தைத் தாண்டாது.

சீரம் நீங்களே செய்றீங்கன்னா, லிப்போசோம் (சத்தை உள்ள அடைச்சு வெச்சிருக்கிற நுண்ணிய கொழுப்பு உருண்டை) வடிவ எக்ஸ்ட்ராக்ட் வாங்குங்க. அளவு சப்ளையர் தாள்ல இருக்கும். 3 சதவீதம்னு இருந்தா மொத்தம் 100 கிராம் சீரத்துக்கு 3 கிராம். ஜெல் 40 டிகிரிக்குக் கீழ ஆறினதும் கடைசியா விட்டு, ஸ்பாட்டுலாவால மெதுவா கலக்குங்க. சூட்டுல ஊத்தினாலோ, ஸ்டிக் பிளெண்டர் ஓட்டினாலோ லிப்போசோம் உடைஞ்சிடும். ப்ரிசர்வேட்டிவ் விட்டுடாதீங்க, தண்ணி இருக்கிற எதுலயும் பூஞ்சை வரும்.

நோரி ஷீட்டை (சுஷி சுத்துற காய்ஞ்ச பாசித் தாள்) ஊறவெச்சுப் பூசுறதை விட்டுடுங்க. பாசி வளர்ந்த வெளிச்சம், பருவத்தைப் பொறுத்து சத்தோட அளவு மாறும். எவ்வளவு இறங்குச்சுன்னே தெரியாது. உப்புதான் தோல்ல எரியும்.

பூசும்போது சீரம் முதல்ல. அது நல்லா காயணும். ஈரத்துமேல சன்ஸ்கிரீன் தேய்ச்சா உருண்டு உருண்டு திரிஞ்சு வரும், அந்த இடமெல்லாம் பாதுகாப்பு போச்சு. உள்ளங்கைல ரெண்டையும் கலக்கவே கலக்காதீங்க, எஸ்பிஎஃப் நீர்த்துடும். சன்ஸ்கிரீன் முகத்துக்கும் கழுத்துக்கும் ரெண்டு விரல் நீளம். வெளிய இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி போடுங்க.