இரவல் சீலையும் பாடசாலைக் கூரையும்

(வெள்ளவத்தையில் நடந்த மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருந்தகையே, மின்சாரத் துறையில் முப்பது வருடம் உழைத்து ஓய்வுபெற்று, இன்று மழையையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் பொறியியலாளர் ஐயா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய மகளிர் அணித் தலைவி அம்மா அவர்களே, அதிபர்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். ஒலிபெருக்கியைச் சரிசெய்து தந்த தம்பிக்கும் நன்றி.

எண்ணெய், நிலக்கரி, கூரை. இந்த மூன்றைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். அதற்கு முதல், என் அம்மம்மா அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று: "இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்."

2022 பங்குனிக் கடைசி நினைவிருக்கிறதா? ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் பெரியம்மா விடிய நாலு மணிக்கே வெறும் காஸ் சிலிண்டரைக் கொண்டுபோய் வரிசையில் வைத்தார். யாரும் தூக்கிக்கொண்டு போகாதபடி எல்லாச் சிலிண்டரையும் ஒரே நைலோன் கயிற்றில் பிணைத்து, சோக்கால் இலக்கம் எழுதியிருந்தார்கள். பெரியம்மாவுடையது 143. வெயில் ஏறியது, லொறி வரவில்லை. அப்புறம் ஒருவர் வந்து, 80 சிலிண்டர்தான் வருமாம் என்றார். நாளைக்காவது கிடைக்கலாம் என்று பெரியம்மா நகரவில்லை. இரவு பிளாஸ்டிக் கதிரை போட்டுச் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே இருந்தார். அந்தப் பக்கம் ஒரு சிங்களத் தாய், இந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் ஐயா. ஒரு பிளாஸ்க் தேத்தண்ணீரை மூவரும் பகிர்ந்து குடித்தார்கள். மூன்றாம் நாள் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவர் என்னிடம் சொன்னார்: "குசினிக்கு டைல்ஸ் போட்ட அன்றைக்குத்தான் தம்பி, அந்த மரத்தூள் அடுப்பைத் தூக்கிக் குப்பையில் போட்டேன்."

இரவல் சீலை!

பெரியம்மாவில் பிழை இல்லை. நாடே அதைத்தான் செய்தது. மலையாறுகளில் இருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே கட்டுரை படித்தார். லக்சபான நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல். 1990களின் தொடக்கத்திலும் நம் மின்சாரத்தின் மிகப் பெரும்பங்கு ஆற்றுநீரில் இருந்தே வந்தது. தேவை வளர்ந்தது, 1996 வரட்சி இருட்டைக் கொண்டுவந்தது, நாம் எண்ணெயின் பக்கம் சாய்ந்தோம். எண்ணெய்க்கு டொலர் வேண்டும். 2022இல் கொழும்புக்கு வெளியே எண்ணெய்க் கப்பல்கள் காசுக்காகக் காத்து நின்றதை நாம் பார்த்தோம். கப்பல் கரைக்கு வராவிட்டால் தையல் மெஷினும் நிற்கும், மீனுக்கு ஐஸ் கட்டியும் இராது. அபிவிருத்தி என்று மேடையில் பேசுவதெல்லாம் அந்தக் கப்பலைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

நிலக்கரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் 900 மெகாவாட். தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளிப்பதால் அங்கே கப்பலில் இருந்து கரி இறக்க முடியாது. அதுவும் இரவல்தான்.

சரி, கூரைக்கு வருகிறேன். என் மனம் முழுக்க இருப்பது இதுதான். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள் பகலில் அதை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தன, வெயில் கொட்டியது, மின்சாரம் மிஞ்சியது. ஆனால் மாலை 6.30 தாண்டி வீடுகளில் விளக்கு எரியத் தொடங்கினால் எண்ணெயைத் தேடுகிறோம். நம் தலைக்கு மேல் விழுவதைத் தள்ளிவிட்டு, கடல் தாண்டி வருவதற்கு டொலர் கொடுக்கிறோம். அம்மம்மா இருந்தால் இரவல் சீலை என்று திரும்பவும் சொல்லியிருப்பார்.

அதனால்தான் நாங்கள் இரண்டு வருடமாகப் படியேறிக் கேட்கிறோம்: கொழும்பின் ஒவ்வொரு தமிழ்ப் பாடசாலைக் கூரையிலும் சோலார் தகடு, அதோடு கட்டாயம் ஒரு பற்றரி அறை. பற்றரி இல்லாத தகடு மத்தியானத்துக்கு மட்டும்தான். பகலில் சேர்த்ததை இரவில் தெருவுக்குக் கொடுக்கலாம், பாடசாலையின் பில்லும் குறையும். விலை அதிகம் என்கிறார்கள். உண்மை. பழைய மாணவர் சங்கத்து அண்ணன்மாரே, வரவேற்பு வளைவுக்கும் விளையாட்டரங்கப் படிக்கட்டுக்கும் நீங்கள் அள்ளிக் கொடுத்ததை நான் கண்ணால் கண்டவன். அடுத்த வளைவை ஒரு வருடம் தள்ளிவையுங்கள்.

வாசலில் மேசை போட்டு ஒரு தாள் வைத்திருக்கிறோம். உங்கள் பாடசாலையின் பெயர், கூரை ஓடா அஸ்பெஸ்டஸா, போன மாத மின்சார பில் எவ்வளவு, இந்த மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள். பொறியியலாளர் ஐயா தாமே வந்து கூரையை அளந்து தருவதாகச் சற்று முன் என் காதில் சொன்னார். நன்றி, வணக்கம்.