பக்கவாதத்துக்குப் பின் நடை பழக ஒரு ரோபோ

நேயர்களுக்கு வணக்கம். பக்கவாதம் வந்தவரின் குடும்பத்தார் முதலில் கேட்பது, "பழையபடி நடப்பாரா?" என்பதுதான், இப்போது அதோடு, "ரோபோவில் பயிற்சி கொடுத்தால் சீக்கிரம் நடப்பாரா?" என்பதும் சேர்ந்துகொள்கிறது.

ரத்த ஓட்டம் தடைப்பட்டு மூளையின் ஒரு பகுதி பழுதானால், மற்றப் பகுதிகள் அதன் வேலையை ஓரளவுக்குக் கற்றுக்கொள்ளும். ஆனால் அதற்கு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். நிற்கவே முடியாதவரை டிரெட்மில்லில் நடக்க வைக்க, இரண்டு மூன்று இயன்முறை சிகிச்சையாளர்கள் அவரைத் தாங்கிக்கொண்டு, செயலிழந்த காலை ஒவ்வோர் அடிக்கும் தூக்கி வைக்க வேண்டும். நோயாளி களைப்பதற்கு முன்பே குனிந்திருப்பவரின் முதுகு வலிக்கத் தொடங்கிவிடும்.

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரிலுள்ள பால்கிரிஸ்ட் மருத்துவமனையில் 1990களில் உருவான 'லோகோமேட்' என்ற நடைப்பயிற்சி ரோபோ இந்தச் சுமையைத்தான் ஏற்றுக்கொண்டது. உடலைக் கட்டியிருக்கும் வார்கள் எடையின் ஒரு பகுதியைத் தாங்க, மோட்டார்கள் இடுப்பையும் முழங்காலையும் நடையின் ஒழுங்கில் அசைக்கின்றன. பாதங்களை மட்டும் தட்டுகளில் வைத்து நகர்த்தும் கருவிகளும் உண்டு.

பலன் என்ன? 62 ஆய்வுகளை, 2,440 நோயாளிகளின் விவரங்களுடன் தொகுத்த காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் 2020ஆம் ஆண்டு மதிப்பாய்வு, இயன்முறை சிகிச்சையோடு இக்கருவிப் பயிற்சியும் பெற்றவர்கள் பிறர் துணையின்றி நடப்பதற்கான வாய்ப்பு கூடுவதாகக் கண்டது. முதல் மூன்று மாதங்களில் இருப்பவர்களும் அறவே நடக்க முடியாதவர்களுமே அதிகம் பயன்பெறக்கூடும். 'சிகிச்சையோடு' என்ற சொல்லை விளம்பரங்கள் பெரும்பாலும் விழுங்கிவிடுகின்றன.

ஓரளவு நடக்கக்கூடியவர்களின் கதை வேறு. பக்கவாதம் வந்து 6 மாதங்களுக்கு மேலான 48 பேரிடம் அமெரிக்காவில் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், ரோபோவில் பயின்றவர்களைவிட, சிகிச்சையாளரின் கைத்தாங்கலில், தேவையான அளவு உதவி மட்டும் பெற்றுப் பயின்றவர்களே நடைவேகத்தில் அதிகம் முன்னேறினார்கள். கருவி எல்லா அடிகளையும் தானே எடுத்து வைத்துவிட்டால், நோயாளியின் தசையும் மூளையும் சும்மா இருந்துவிடுகின்றன என்பதே இதற்கு எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம்.

ஆகவே, திரையில் ஓடும் அடிகளின் எண்ணிக்கையைப் பார்த்து மகிழும் உறவினர்கள், "கருவியின் தாங்கலைச் சென்ற வாரத்தைவிட எவ்வளவு குறைத்திருக்கிறீர்கள்?" என்று சிகிச்சையாளரிடம் கேட்டுப் பார்க்கலாம். வணக்கம்.