கார்பெட்டின் துப்பாக்கியைச் செய்தது யார்?

வணக்கம் நண்பர்களே. திரையில் நீங்கள் பார்ப்பது ஒரு பழைய ரைஃபிளின் பின்கட்டை. அதில் ஒரு வெள்ளித் தகட்டைப் பதித்திருக்கிறார்கள். 1907-இல் இன்றைய உத்தராகண்டில் உள்ள சம்பாவத்தில் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதற்காக, ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹியூயட், ஜே. ஜி. கார்பெட்டுக்கு அளித்தது என்பது அதிலுள்ள செய்தி. ஆம், ஆட்கொல்லி விலங்குகளை வேட்டையாடி அந்த அனுபவங்களை நூல்களாக எழுதிய ஜிம் கார்பெட்தான்.

முதலில் ஒரு திருத்தம். பழைய வீடியோ ஒன்றில், சம்பாவத் புலியை வீழ்த்திய துப்பாக்கி இதுதான் என்று சொல்லியிருந்தேன். தவறு. தகட்டை நிதானமாகப் படித்தாலே புரியும்: புலியைக் கொன்றதற்காகக் கொடுத்தது என்றால், இது கைக்கு வந்தது அதற்குப் பிறகுதானே! அன்று அவர் கொண்டுபோனது .500 அளவுள்ள இரட்டைக்குழல் ரைஃபிள். கையில் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். அவை தீர்ந்ததும், உடன் வந்த தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிக் கடைசிக் குண்டைச் சுட்டார். இதை அவரே எழுதிவைத்திருக்கிறார். 436 உயிர்களைக் குடித்ததாகச் சொல்லப்படும் புலி அது. அதன் மரணத்தைத் தவறான துப்பாக்கியின் கணக்கில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள்.

அந்தத் தவற்றுக்குப் பிறகுதான் இந்தத் துப்பாக்கியைத் தகட்டிலிருந்து அல்ல, இரும்பிலிருந்து படிக்கத் தொடங்கினேன். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். பழைய துப்பாக்கி ஒன்றில் தகடு என்பது கடைசியாகச் சேர்ந்தது. அதற்கு முன்பே அந்தப் பொருளுக்கு ஒரு வாழ்க்கை இருந்திருக்கிறது.

செய்தவர் யார் என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஜான் ரிக்பி நிறுவனம். 1775-இல் டப்ளினில் தொடங்கி, பின்னர் லண்டனுக்குப் பெயர்ந்த துப்பாக்கிக் குடும்பம். அந்த வழியில் வந்த ஜான் ரிக்பி, 1887 முதல் 1894 வரை என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கே கண்காணிப்பாளர். பதில் சரிதான், ஆனால் பாதி பதில்.

இப்போது போல்ட் இருக்கும் பகுதியைப் பாருங்கள். தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் அந்த இயக்கப் பகுதிதான் துப்பாக்கியின் இதயம். அது லண்டனில் பிறக்கவில்லை. ஜெர்மனியின் நெக்கார் ஆற்றங்கரையில் இருக்கும் ஓபர்ண்டார்ஃப் என்ற சிற்றூரில், மவுசர் தொழிற்சாலையில் உருவானது. 1898-இல் ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்ட அதே வடிவமைப்பு. பிரிட்டனில் மவுசரின் முகவராக இருந்த ரிக்பி, அங்கிருந்து வரவழைத்து, அக்ரூட் மரக் கட்டை பொருத்தி, குறிநோக்கி அமைத்து, தன் பெயரைப் பொறித்து விற்றது. ராணுவத்துக்கென்று பிறந்த இயந்திரம் லண்டனில் வேட்டைக்காரனின் தோளுக்கு ஏற்ற உடம்பைப் பெற்றது.

தோட்டாவின் பெயரிலும் இதே கதைதான். இதை .275 ரிக்பி என்பார்கள். எண்ணைக் கொஞ்சம் கிளறுங்கள்: 7 மில்லிமீட்டரை அங்குலமாக மாற்றினால் 0.2756. அதாவது மவுசரின் 7 மில்லிமீட்டர் தோட்டாதான் இங்கிலாந்தின் அளவுமுறையில் வேறு பெயர் பூண்டிருக்கிறது. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் போயர்கள், அதாவது அங்கே குடியேறிய டச்சு வழியினர், பிரிட்டிஷ் படையை நோக்கிச் சுட்டது இதே தோட்டாவைத்தான். சில ஆண்டுகளிலேயே அது பிரிட்டிஷ் கனவான்களின் விருப்பத் தோட்டாவாகிவிட்டது. இதைத் தெரிந்துகொண்ட அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, உண்மையாகச் சொல்கிறேன்.

சரி, காலத்தை எப்படி அறிவது? மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். குழலின் மேல் பொறித்த முகவரி ஒன்று. செயின்ட் ஜேம்ஸ் தெரு என்றிருந்தால் முந்தைய காலம், சாக்வில் தெரு என்றிருந்தால் பிந்தைய காலம். கடை இடம் மாறியதை இரும்பு நினைவில் வைத்திருக்கிறது! அடுத்தது சோதனை முத்திரை. லண்டனில் குழல்களை அதிக வெடிமருந்திட்டுச் சுட்டுச் சோதித்து, தாங்கியவற்றில் மட்டும் முத்திரை குத்துவார்கள். கிரீடத்தின் கீழ் ஜி, பி என்ற எழுத்துகள் பின்னிக் கிடந்தால் அது லண்டன் சோதனைச் சாலையின் குறி. மூன்றாவது வரிசை எண். ரிக்பி தன் பழைய பேரேடுகளைக் காத்துவைத்திருப்பதால், எண் கிடைத்தால் விற்ற கதையும் கிடைக்கும். கார்பெட்டின் ரைஃபிள் 1905-இல் செய்யப்பட்டு, கல்கத்தாவின் மாண்டன் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஆக, பரிசு கொடுப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அது பிறந்துவிட்டது. கார்பெட்டுக்காக லண்டனில் அளவெடுத்துச் செய்தார்கள் என்று சிலர் எழுதுவதற்கு இங்கே இடமில்லை. கல்கத்தாக் கடைக்கு வந்த சரக்கை அவருடையதாக்கியது அந்தத் தகடு.

உங்கள் வீட்டிலும் தாத்தா காலத்து உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கலாம். முத்திரை தேடுவதற்கு முன், உரிமம் வைத்திருப்பவர் போல்ட்டைத் திறந்து அறை காலியாக இருப்பதைக் கண்ணால் பார்க்கட்டும். துருவென்று நினைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். முத்திரை போனால் வரலாறு போயிற்று.

இனி அதன் பிற்கால வாழ்க்கை. 1926-இல் ருத்ரபிரயாக் ஆட்கொல்லிச் சிறுத்தையை வீழ்த்தியது இந்த ரைஃபிள்தான், அந்தப் பெருமை முழுக்க இதற்கே உரியது. கார்பெட் 1947-இல் கென்யாவுக்குச் சென்றார், 1955-இல் அங்கேயே மறைந்தார். துப்பாக்கி அவருடைய நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்ட் யூனிவர்சிட்டி பிரஸ்ஸிடம் சேர்ந்தது. 2015-இல் ரிக்பி நிறுவனமே அதைத் திரும்ப வாங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான், மவுசரைத் தன்னிடம் வைத்திருக்கும் ஜெர்மன் குழுமம் ரிக்பியையும் வாங்கியிருந்தது. 2016-இல் ரைஃபிளை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, காலாடுங்கியில் கார்பெட் வாழ்ந்த வீட்டுக்கே எடுத்துச்சென்றார்கள்.

நைனிடாலில் ஹியூயட் நடத்திய தர்பாரில் சம்பாவத் தாசில்தாருக்கும் ஒரு துப்பாக்கி பரிசளித்தார்கள். அந்தப் புலி கொன்ற பெண்ணின் தடத்தைத் தேடியபோது கார்பெட்டுடன் சென்ற கிராமத்து மனிதருக்கு ஓர் அழகிய வேட்டைக் கத்தி. அந்த இரண்டு பொருள்களிலும் என்ன பொறித்திருந்தார்களோ என்பதுதான் இப்போது என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. சம்பாவத் பக்கத்து நண்பர்கள் யாரேனும் இதைப் பார்த்தால் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.